அடுத்த வீட்டுக்கு ஒத்துவராத பூனை

பூனை வாங்கப் போகிறவர்கள் தங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும் என்று பார்ப்பார்கள். நான் அடுத்த வீட்டுக்கு எது ஒத்துவராது என்று பார்க்கப் போனேன். அடுத்த வீடு என்றால் கனகலட்சுமி வீடு. என் வீட்டுக்காரர் மோகனின் அண்ணன் அண்ணாதுரைக்கு வாக்கப்பட்டவள், எனக்கு ஓர்ப்படி. ஒரே மனையை வெட்டி முன்பக்கம் எங்களுக்கு, பின்பக்கம் அவர்களுக்கு என்று பிரித்தபோது ஓரத்தில் இருந்த சந்து பொதுவாக நின்றுவிட்டது. மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமானால் அவள் என் வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நடந்த கூத்தெல்லாம் அந்தச் சந்தில்தான்.

முன்பு என்னிடம் சின்னி இருந்தது. சாம்பல் நிறத்தில் கோடு போட்ட சாதாரண நாட்டுப் பூனை. எங்கள் சேரப்பணஞ்சேரியில் அதுபோல் தெருவுக்குப் பத்து கிடைக்கும். ஆனால் நான் இரண்டாவது ஷிப்டு முடிந்து இறங்கும்போது பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்திருக்கும் பூனை தெருவுக்குப் பத்து கிடைக்குமா? எங்களுக்குப் பிள்ளை இல்லை. யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம், அதைச் சொல்லி அழுகிற ஆள் நான் இல்லை. கனகலட்சுமிதான் என்னைவிட அதிகமாகக் கவலைப்படுவாள், அதுவும் தெருக்குழாயில் நாலு பேர் குடத்தோடு நிற்கிற நேரமாகப் பார்த்து.

“புள்ளைக்கு ஊத்த வேண்டிய பாலப் பூனைக்கு ஊத்தினுகீறா, பாவம்.”

அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, அதற்கே அவள் வாயில் ஒன்று போட்டிருக்க வேண்டும். பெரியவளாயிற்றே என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அவளுக்குச் சகுனம் என்றால் உயிர். யாராவது தும்மினால் நிற்பாள். ‘எங்க போற’ என்று கேட்டால் எரிந்து விழுவாள். பூனை குறுக்கே போய்விட்டால் அவ்வளவுதான், வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து கிளம்புவாள். அவள் மகன் பிரவீன் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் ட்ரெய்னியாக இருந்தான். பர்மனென்ட் பண்ணுவதற்கான இன்டர்வியூவுக்கு அவன் சட்டையை இன் பண்ணிக்கொண்டு கிளம்பிய காலையில் சின்னி சந்தில் குறுக்கே போய்விட்டது. குடியிருக்கிற சந்தில் பூனை குறுக்கே போகாமல் பஸ் பிடித்தா போகும்? நேரமாகிவிட்டது என்று அவன் திரும்பாமலே ஓடினான். வேலை பர்மனென்ட் ஆகவில்லை.

“பூனை இன்னா சித்தி பண்ணும்? டிராயிங்கக் காட்டிக் கேட்டாங்க, நாந்தான் தப்பா சொல்லிட்டேன்” என்று பிரவீனே என்னிடம் சொன்னான். அவன் நல்ல பிள்ளை. ஆனால் அவன் அம்மா அன்றைக்குச் சாயங்காலம் சந்தில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள், என் வாசலைப் பார்த்து.

அந்த வாரமே சின்னியைக் காணவில்லை.

அப்போது அது குட்டி போட்டிருந்தது. பரண் மேல் அட்டைப் பெட்டியில் நான்கு குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. பெட்டிக்குள் தன் பழைய லுங்கியை மடித்துப் போட்டவரே மோகன்தான். தாய் இல்லாமல் அவை கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் லீவு போட்டுவிட்டு மருந்து ஃபில்லரில் பால் கொடுத்தேன். மோகன் பாலைக் கையில் விட்டுச் சூடு பார்த்துத் தந்தார். குட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரலால் வாயைத் திறந்து பிடித்தார். ஒன்று உறிஞ்சியது போல் இருந்தது. பிறகு அதுவும் நிறுத்திவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கும் போய்விட்டன. முருங்கை மரத்தடியில் குழி தோண்டியவரும் அவர்தான். மண்ணைத் தள்ளும்போது அவர் கண் கலங்கியது. இப்படி ஒரு மனுஷனுக்கு வாக்கப்பட நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் கனகலட்சுமி வீட்டுத் துணிக்கொடியில் ஓர் அரிசிச் சாக்கு காய்ந்துகொண்டிருந்தது. கழுவிய சாக்கு. என்றைக்கு அவள் சாக்கைக் கழுவியிருக்கிறாள்? கிட்டே போய்ப் பார்த்தேன். தையலில் சாம்பல் முடி ஒட்டியிருந்தது.

“என் சின்னிய இன்னாக்கா பண்ண?” என்று கேட்டேன்.

“இன்னாடி பேசற? நான் இன்னாத்துக்கு உன் பூனையத் தொடப் போறேன்? அந்த மணிமங்கலத்துப் பெருமாள் மேல சத்தியமா எனக்குத் தெரியாது.” கையோடு, “போனா போவுது வுடு. சனியன் ஒழிஞ்சிது” என்றாள்.

சத்தியம் பண்ணும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்தாள். சின்னியை எங்கே கொண்டுபோய் விட்டாள் என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். உயிரோடு விட்டிருந்தால் நான் போய்த் தேடுவேன். கொன்றிருந்தால் அதையும் சொல்லட்டும். சொல்கிறவரை இவளை நிம்மதியாக ஒரு நாள் வாசல் தாண்ட விடுவதில்லை என்று முடிவு பண்ணினேன். எதைக் கொண்டு என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பூனையால் வந்த வினை, பூனையாலேயே தீரட்டும்.

என் கம்பெனியில் என்னோடு லைனில் ஒயர் கட்டுகிற பெண் ஒருத்தி மணிமங்கலத்து இசக்கிதுரையைப் பற்றிச் சொன்னாள். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கம்பெனி வேலைக்கென்று வந்து, அதை விட்டுவிட்டு, வீட்டு மாடியில் சீமைப் பூனை வளர்த்துக் கொடுக்கிறார். ஏதோ கம்பெனி மேனேஜர் குடும்பம் வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போகும்போது வளர்ந்த பூனை இரண்டை அவரிடம் விட்டுப் போயிருக்கிறது. நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்தால் போதும், விலை வேண்டாம் என்றார்களாம். நல்ல வீடு! நான் தலையை வாரிக்கொண்டு கிளம்பினேன்.

“வாங்கக்கா. வீட்ல யாரு யாரு இருக்கீய?” என்று இசக்கிதுரை பெண் கொடுக்கிறவர் மாதிரி விசாரித்தார்.

“நானு, எங்க வூட்டுக்காரரு.”

“பகல்ல ஆள் இருக்குமா?”

“நான் காலைல இருப்பேன். அவருக்கு நைட் ஷிப்டு. பகல்ல வூட்ல தூங்கினுருப்பாரு.”

“அப்பம் பெர்ஷியனை எடுத்துக்கிடுங்க, சத்தமே கிடையாது” என்று ஒரு கூடையைக் காட்டினார். உள்ளே இலவம்பஞ்சைப் பிரித்துக் கொட்டியது போல் வெள்ளைவெளேர் என்று ஒன்று கிடந்தது. சப்பை மூக்கு. கோபித்துக்கொண்ட மாமியார் முகம். “பேரு ஸ்நோ. போட்ட எடத்துல கெடக்கும். என்ன, தெனமும் முடி சீவணும். ஒரு நாள் விட்டாலும் சிக்கு விழுந்துரும். கண்ணுல தண்ணி வடியும், தொடைச்சு விடணும். வெளிக்கிப் போயிட்டு வந்தா பின்பக்கத்தையும் தொடைக்கணும். கைக்கொழந்த கணக்கா பாத்துக்கிடணும்.”

“இன்னொண்ணு?”

அவர் சொல்வதற்கு முன் அதுவே வந்துவிட்டது. அலமாரி மேலிருந்து என் தோளுக்குக் குதித்து, காதுக்குள் ஒரு கத்து கத்தியது. பச்சைக் குழந்தை அழுகிற மாதிரியே இருந்தது. உடம்பு சந்தன நிறம். முகம், காது, கால், வால் மட்டும் விறகடுப்புப் புகையில் காட்டி எடுத்தது போல் கறுப்பு. கண் நீலம்.

“இது சயாமீஸ். இதுக்கு வாய் ஓயாது பாத்துக்கிடுங்க. ஒரு எடத்துல இருக்காது, நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வரும். ஆள் தூங்குத வீட்டுக்கு இது சரிப்படாதுக்கா.”

“ரெண்டுல எது குறுக்கால போவும்?”

“எங்க குறுக்க?”

“சந்துல. ஆளு எதிர்ல வரும்போது.”

இசக்கிதுரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒங்களுக்கு எலி புடிக்கதுக்கா பூனை வேணும்?”

“ஆமா. பெரிய எலி.”

இரண்டையும் நன்றாக யோசித்தேன். வெள்ளைப் பூனையைக் கொண்டுபோனால் கனகலட்சுமி அதை லட்சுமி கடாட்சம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாலும் போட்டுக்கொள்வாள். அதுவும் தவிர, அதைச் சந்தில் குறுக்கே அனுப்ப வேண்டுமென்றால் நான்தான் பின்னாலிருந்து தள்ள வேண்டும். சயாமீஸுக்கு முகம் கறுப்பு. நடையில் திமிர். தொண்டை பக்கத்து வீடு வரை கேட்கும். அதையே எடுத்தேன். மேனேஜர் வீட்டில் அதற்கு ஏதோ வாயில் நுழையாத பெயர். நான் ராங்கி என்று வைத்தேன்.

மோகன் ஷிப்டு முடிந்து வந்தவர் அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாத்துக்குமே மறுபடியும் பூனை?” முகம் வெளிறிப்போயிருந்தது. குட்டிகளை நினைத்துக்கொள்கிறார் என்று நான் நினைத்தேன். அட, நான் ஒரு அசடு.

மூன்றாம் நாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். கனகலட்சுமிக்கு ஒரு பிரேக் கம்பெனியில் பேக்கிங்கில் வேலை, எப்போதும் காலை ஷிப்டு. கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் வந்து நின்று இரண்டு ஹாரன் அடிக்கும். டிரைவர் எல்லப்பன் மூன்றாவது ஹாரன் அடிக்கிற ஆள் இல்லை. அவள் வீட்டு கேட் கிறீச்சிடும் சத்தம் கேட்டதும் சந்துக்கு எதிர்ப்புறம் இருந்த குழாய் மேடையில் நெத்திலிக் கருவாடு ஒன்றைப் போட்டுவிட்டு, டப்பா மூடியைத் தட்டிக் கதவைத் திறந்தேன். ராங்கி வாலைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் குறுக்கே போனது. போனதோடு இல்லாமல் நடுச்சந்தில் நின்று, அவளைப் பார்த்து ஒரு கத்து வேறு கத்தியது.

கனகலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பிப் போனாள். தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், எழுந்து வந்தாள். அதற்குள் மெயின் ரோட்டில் புழுதிதான் இருந்தது. அவளுக்கு அன்றைக்கு ஆப்சென்ட்.

அடடா! அன்றைக்கு நான் குடித்த காபிக்கு இருந்த ருசி இருக்கிறதே!

நீங்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கலாம். அவள் கம்பெனியில் வருஷம் முழுக்க ஒரு நாளும் மட்டம் போடாதவர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பார்கள். ஹாட்பேக், சூட்கேஸ், மிக்சி என்று அவள் வாங்கியதெல்லாம் பெட்டி பிரிக்காமல் ஷோகேஸில் நிற்கும். வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவாள். ஒரு நாள் ஆப்சென்ட் விழுந்தாலே அந்த வருஷப் பரிசு போய்விடும். நான் ஒரு நாளோடு விட்டேனா? பஸ்ஸைத் தவறவிட்டு, அவள் ஷேர் ஆட்டோவில் லேட்டாகப் போய் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி வருவதெல்லாம் வழக்கமாகிவிட்டது.

“பூனைக்கெல்லாம் பஸ் நிக்காதுக்கா” என்று எல்லப்பன் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம். அவள் ஒரு ஜோசியரிடம் போய், சீமைப் பூனைக்கு நம் ஊர்ச் சகுனம் உண்டா என்று கேட்டிருக்கிறாள். பூனை எந்த ஊர்ப் பூனையாக இருந்தாலும் பூனைதான் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் சந்தே வேண்டாம் என்று பின்சுவர் ஏறிக் குதிக்கப் பார்த்து, ஏறி நின்ற பிளாஸ்டிக் பக்கெட் உடைந்து உட்கார்ந்தாள். அண்ணாதுரை மாமாவே சிரித்துவிட்டார்.

நடுநடுவே நான் வாசலில் நின்று கேட்பேன். “சின்னி எங்கக்கா?”

“எனக்குத் தெரியாதுடி!”

“சரி. நாளைக்குப் பாப்போம்.”

ராங்கியால் எங்கள் வீட்டிலும் தொந்தரவு இல்லாமல் இல்லை. மோகன் வந்து படுத்ததும் கட்டில்மேல் ஏறி அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டு கத்தும். அவர் காதில் பஞ்சு அடைத்துப் பார்த்தார். தலையணையைத் தலைமேல் போட்டுப் பார்த்தார். ஒரு நாள் தாங்க முடியாமல், “எங்கனா கொண்டு போயி வுட்டுட்டு வரவா?” என்றார்.

“இன்னா சொன்ன?”

“ஒண்ணும் இல்ல” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தூக்கக் கலக்கத்தில் உளறுகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் பிரவீனுக்கு வாலாஜாபாத் பக்கம் பெண் அமைந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பார்க்கப் போகிறார்கள். இதைவிட நல்ல நாள் எனக்குக் கிடைக்குமா? தலைவலி, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மோகன் சித்தப்பா முறைக்குப் போக வேண்டும். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு எல்லாம் வைத்துக்கொண்டு முன்னாலேயே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

வேன் மெயின் ரோட்டில் வந்து நின்றது. நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்று ஒரே பரபரப்பு. அண்ணாதுரை மாமா முன்னால், பட்டுப்புடவையில் கனகலட்சுமி, பக்கத்தில் பிரவீன், பின்னால் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். கடைசியில் மோகன், கையில் பழத் தட்டு. நான் வாசல்படியில் ராங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாய் மேடையில் கருவாடு இருந்தது. அதன் வாசனைக்கு ராங்கி என் கையில் திமிறிக்கொண்டிருந்தது.

கனகலட்சுமி என்னைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். கால் அப்படியே நின்றுவிட்டது.

“அம்சா, நல்ல காரியத்துக்குப் போறோம். அத்த உள்ள வச்சிக் கதவ சாத்தும்மா.” அம்சவல்லி என்று முழுப் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லிக் கூப்பிடாதவளுக்கு அம்சா, அம்மா எல்லாம் வந்துவிட்டது.

“சாத்தறேன்க்கா. சின்னிய எங்க வுட்டனு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.”

“இன்னும் அதையே புடிச்சிகினுகீறியாடி?”

“அத்தப் புடிச்சிகினுதான் கீறேன். இத்தத்தான் எப்ப கைய வுட்டுடுவேன்னு தெரில” என்று ராங்கியின் முன்னங்காலைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

“நேரமாவுது, சொல்லித் தொலையேன்டி” என்றார் மாமா. பிரவீனும், “சொல்லும்மா” என்றான். சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கனகலட்சுமிக்கு முகமெல்லாம் வேர்த்து மஞ்சள் வழிந்தது. ராங்கி ஒரு கத்து கத்தியது. அவ்வளவுதான், அவள் உடைந்துவிட்டாள்.

“ஆமாடி! சாக்குல புடிச்சிப் போட்டது நாந்தான்! அதுக்கு இன்னா இப்ப? ஆனா எங்க வுட்டாங்கனு எனக்கு எப்டிடி தெரியும்? கொண்டு போனது நானா? உன் புருசன்! அதோ தட்ட ஏந்திகினு நிக்கறாரே, அவரக் கேளு!”

நான் மோகனைப் பார்த்தேன். பொய் என்று சொல்வார், அண்ணி மேல் பாய்வார் என்று காத்திருந்தேன். தட்டிலிருந்து ஓர் ஆப்பிள் விழுந்து சாக்கடைப் பக்கம் உருண்டது. அதை எடுக்கிற சாக்கில் அவர் குனிந்துகொண்டார்.

“யோவ்” என்றேன்.

“அம்சா, வூட்டுக்குள்ள போயி பேசிக்கலாம்.”

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“குட்டி போட்டுகீதுனு உனக்குத் தெரியாதாய்யா? பெட்டில லுங்கிய போட்டது யாரு?”

“அண்ணி வந்து அழுதுச்சு அம்சா. அடுத்த இன்டர்வியூக்கும் இது குறுக்க வந்தா புள்ள வாழ்க்கையே பூடும்னுச்சு. ஷிப்டுக்குப் போற வழில, லாரி யார்டாண்ட வுட்டுட்டேன். அங்க கேன்டீன் கீது, பொழச்சிக்கும்னு… குட்டிங்கள நாம பால் குடுத்துக் காப்பாத்திடலாம்னு நெனச்சேன்.”

நாம! ஃபில்லரோடு நான் குந்திக்கொண்டிருந்தபோது இந்த ஆள் எதிரே குந்திக்கொண்டு வாயைத் திறந்து பிடித்தார். சின்னி எங்கே இருக்கிறது என்று தெரியும். வண்டி வெளியே நிற்கிறது. சாவி இடுப்பில் இருக்கிறது. போய்த் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் நான்கில் இரண்டாவது பிழைத்திருக்கும். அதைச் செய்யவில்லை, குழி தோண்டினார். அந்தக் குழியைப் பார்த்து நான் கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சொன்ன வாக்கு வாக்குதான். ராங்கியை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினேன். மோகன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிப் பிரவீன் கையில் கொடுத்தேன். “நீ போடா கண்ணு. உன் மேல ஒண்ணும் இல்ல, நல்லபடியா முடியும்.” கனகலட்சுமி என்னைப் பார்க்காமல் சுவரோரமாகப் போனாள். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

“நீ வண்டிய எடுய்யா” என்றேன் மோகனிடம்.

லாரி யார்டு ஒரகடத்தில், நீளமான காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே இருந்தது. பெயின்ட் வாசனை போகாத புது லாரிகள் வரிசையாக நின்றன. அதற்குப் பின்னால் ஒரு சிறுபாலம், குப்பை, டிரைவர்கள் சாப்பிடுகிற கடை. பாலத்தடியைக் காட்டினார். நான் சுவரோரமாகக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். எத்தனையோ பூனைகள் இருந்தன. சாம்பல் கோடு போட்ட ஒன்று திரும்பிப் பார்த்தது, ஓடினேன். கிட்டே போனால் அது கடுவன். இங்கே வரும் போகும், லாரிச் சக்கரத்தில் அடிபடும், யார் கணக்கு வைத்தார்கள் என்றார் கடைக்காரர்.

மோகன் பட்டுக்கரை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக ஓரமாக நின்றிருந்தார்.

“நின்னா? கூப்பிடு.”

“சின்னி” என்றார்.

“இன்னும் சத்தமா. சாக்குக்குள்ள அது கத்துச்சில்ல, அந்த மாதிரி கூப்பிடு.”

லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வெயில் உச்சிக்கு ஏறுகிறவரை கூப்பிட வைத்தேன். தொண்டை கட்டிப்போய் அவருக்குச் சத்தமே வரவில்லை. சின்னி வரவில்லை.

திரும்பும்போது வண்டியை மணிமங்கலத்துக்கு விடச் சொன்னேன். இசக்கிதுரை என்னைப் பார்த்ததும் ராங்கியைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“அந்த வெள்ளப் பூனை இன்னும் கீதா?” என்று கேட்டேன்.

“இருக்குக்கா. தெனமும் சீவணும்னு சொன்ன ஒடனே எல்லாரும் ஓடிருதாவ.”

“சீவறதுக்கு ஆளு கெடச்சிட்டாரு” என்று மோகனைக் காட்டினேன்.

பிரவீனுக்கு அந்தப் பெண்ணே முடிவாகிவிட்டது. கனகலட்சுமி ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்பினாள். அதைக் குழாய் மேடையில் திறந்து வைத்தேன், எறும்பு தின்றது. கருவாடு வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஆனால் ராங்கிக்குப் பழகிவிட்டது. அவள் கேட் சத்தம் கேட்டால் அதுவாகவே எழுந்து போகிறது. அவளும் திரும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கிறாள்.

மோகன் இப்போதும் நைட் ஷிப்டுதான். காலையில் வந்து யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார வேண்டும். ஸ்நோ அதற்குள் அவர் மடியில் ஏறிப் படுத்துவிடும். சீப்பு, வெந்நீர், துணி எல்லாம் நான் எடுத்து வைத்திருப்பேன். கண்ணைத் துடைத்து, பின்பக்கத்தைத் துடைத்து, தலையிலிருந்து வால்வரை சீவி எழுவதற்குள் அவருக்குத் தலை தொங்கிவிடும். பிறகு படுக்கப் போனால் ராங்கி கட்டிலில் காத்திருக்கும். நீல யூனிபார்ம் முழுக்க வெள்ளை முடி. கம்பெனியில் கேட்கிறார்களாம். என்ன சொல்கிறாரோ, நான் விசாரிப்பதில்லை.

நேற்றுச் சீவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“எத்தினி நாளைக்குமே இப்டி?”

“சின்னி வர்ற வரிக்கும்” என்றேன். “வாலாண்ட சிக்கு கீது பாரு, சீவு.”